வடக்கே சூலம்

யாழ்தேவி வராமல் தில்லைநாதனின் தட்டிவான் கொடிகாமம் ஸ்டேசனை விட்டு ஓர் அடிகூட அசையாது. இது ஊரறிந்த சட்டம். கொழும்பிலிருந்து ஒன்றரைக்கு வரவேண்டிய ரெயில் நாலு மணிக்கு வந்தாலும் சரி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாலும் சரி, வான் புளியமரத்துக்குக் கீழே நிற்கும். வரணிக்கும் நெல்லியடிக்கும் பருத்தித்துறைக்கும் போகிற உள்ளூர்ச் சனம் ஏறியிருந்து வியர்த்து, திட்டி, இறங்கிப் போய்த் தேத்தண்ணி குடித்து, மறுபடி ஏறியிருக்கும்.

"ரெயிலாலை இறங்கிற சனம் எட்டு மணித்தியாலம் இருந்து களைச்சு வரும். அதுகளை நடுத்தெருவிலை விட்டிட்டுப் போய்ப் பருத்தித்துறையிலை நீங்கள் என்ன கோட்டையைப் பிடிக்கப் போறியள்?" என்று கேட்பார் தில்லைநாதன். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கமாட்டார். பதில் சொல்பவர்களுக்கும் அது தெரியும். அவரை விட்டால் அந்தப் பக்கம் போகிற பஸ் பிடிக்க ஒரு மைல் நடக்கவேண்டும்.

வான் என்பது பேருக்குத்தான். வெள்ளைக்காரன் காலத்து லொறி ஒன்றின் சட்டத்துக்கு மேலே ஊர்த் தச்சன் பலகை அடித்துக் கட்டிய வண்டி அது. பின்பக்கத்துத் தட்டியை இறக்கிச் சங்கிலியில் தொங்கவிட்டால் அதன்மேல் இரண்டு சைக்கிள், நாலு வாழைக்குலை, ஒரு சாக்கு வெங்காயம், அதற்கும் மேலே தியாகலிங்கம். தியாகலிங்கம் வானில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். நாற்பது வயது. பதினைந்து வருசமாக வானோடு திரிந்தும் அவனுக்கு ஓட்டத் தெரியாது. "ரண்டு பேர் ஓட்டினால் கூப்பிட ஆள் வேணுமெல்லோ" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தான்.

கொடிகாமம் ஸ்டேசன் சின்னது. ஆனாலும் அங்கே இறங்கினவனுக்கு வழியில்லை என்று இருந்ததில்லை. யாழ்ப்பாணம் போக முன்றோட்டில் பஸ். கச்சாய்த் துறைக்கு மாட்டு வண்டில். அவசரக்காரருக்கு இரண்டு வாடகைக் கார். வடக்கே வடமராட்சிக்குத் தட்டிவான். ஆனி மாதமென்றால் பிளாற்போமில் நடக்க இடம் இராது. கொழும்புக்குப் போகிற மாம்பழப் பெட்டிகளும் பலாப்பழங்களும் அடுக்கிக் கிடக்கும். சோளகக் காற்று புழுதியைக் கிளப்பி அந்தப் பழவாசத்தையும் சேர்த்து முகத்தில் அடிக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியும் அப்படித்தான் தொடங்கியது. இந்தியன் ஆமி போய் மூன்று மாதம். ஓடாமல் கிடந்த ரெயில் ஓடியது. கலியாணங்கள் நடந்தன. தில்லைநாதன் வீட்டிலும் ஒன்று ஒழுங்காகியிருந்தது. ஒரே மகள் கமலாவதிக்கு இருபத்தாறு வயது. கொழும்பில் ஒரு கொம்பனியில் கிளாக். வெள்ளவத்தையில் அறை எடுத்து வேறு மூன்று பெட்டைகளோடு இருந்தாள். மாப்பிள்ளை வரணியில் வாத்தியார். மாதக் கடைசியில் முகூர்த்தம். திங்கட்கிழமையோடு லீவு கிடைக்கிறது, செவ்வாய் காலை யாழ்தேவியில் ஏறுகிறேன் என்று பிள்ளை கடிதம் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் சோற்றில் கை வைக்கும்போதுதான் மனைவி பராசக்தி கலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை செவ்வாய்க்கிழமை வெளிக்கிடக் கூடாது."

"ஏனாம்?"

"வடக்கை சூலம். செவ்வாயும் புதனும் வடக்கை சூலம் எண்டு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்."

அவளுக்குக் கிழமையில் எந்த நாளும் ஒரு திசை மூடிக் கிடக்கும். அன்றைக்குச் சிவனுடைய சூலம் அந்தத் திசையில் நிற்கிறது, எதிரே போகிறவன் தானாகப் போய் அதில் ஏறுகிறான் என்பது கணக்கு. சந்தைக்குப் போவதற்கும் திசை பார்க்கிறவள், மகளின் கலியாணப் பயணத்துக்குப் பார்க்காமல் விடுவாளா?

"நான் இருபத்திரண்டு வருசமாச் செவ்வாயும் புதனும் வடக்கைதான் ஓடுறன். இண்டைவரைக்கும் ஒரு சூலமும் ரயரிலை குத்தேல்லை."

"நீங்கள் வாழைக்குலை ஏத்திக்கொண்டு போறியள். இது தாலி கட்ட வாற பிள்ளை."

"இஞ்சை பார், பராசக்தி. நாட்டுக் கதை ஒரு மாதிரிக் கிடக்கு. ரெயிலாலை இறங்கிற ஆக்கள் கதைக்கிறதைக் கேக்கிறன். இண்டைக்கு இருக்கிற மாதிரி நாளைக்கு இருக்காது. லீவு கிடைச்ச கையோடை வரட்டும்."

"ரண்டே ரண்டு நாள். வியாழன் வந்தால் என்ன குறைஞ்சு போம்? என்ரை அக்கா சிவக்கொழுந்தை மறந்திட்டியளே? சூலத்துக்கை மாப்பிள்ளை வீட்டுக்குப் போனவள். வருசம் திரும்ப முதல் வெள்ளைச் சீலையோடை வந்து இறங்கினவள். நான் பெத்தது ஒண்டு. எனக்கு அந்தப் பயம் இருக்கு, நான் என்ன செய்ய?"

கடைசி வசனத்தில் அவள் குரல் உடைந்துவிட்டது. தில்லைநாதனின் தம்பி இராசநாயகம் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து உடுத்த ஒரு சாரத்தோடு கப்பலில் வந்து இறங்கியவன். அவன் பேச்சில்லாமல் வீட்டுக் கோடியில் குந்தியிருந்த மூன்று மாதத்தையும் பார்த்தவர் அவர். பயம் என்றால் அவருக்கும் தெரியும், அது வேறு திசையிலிருந்து வருவது. ஆனால் ஒரு நேரச் சோற்றை நிம்மதியாகத் தின்னவேண்டும் என்ற ஆசை எந்தப் பெரிய மனிசனையும் கவிழ்த்துவிடும். கை கழுவிவிட்டுத் தபாற் கந்தோருக்குப் போனார். "செவ்வாய் வேண்டாம். வியாழன் வரவும். அப்பா" என்று தந்தி அடித்தார். அம்மா என்று போட்டிருக்கலாம். அந்த எண்ணம் அப்போது வரவில்லை.

திங்கள் இரவு றேடியோவில் மட்டக்களப்புப் பக்கத்துச் செய்தி வந்தது. பொலிஸ் ஸ்டேசன்களை இயக்கப் பெடியள் சுற்றி வளைத்துவிட்டார்களாம். செவ்வாய் காலை சாவகச்சேரிச் சந்தையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை. கொடிகாமத்தில் மாம்பழ வியாபாரி பெட்டிகளை ஏற்றுவதா விடுவதா என்று தெரியாமல் அவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தான். வாடகைக் கார்க்காரர் இருவரும் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அதுதான் பெரிய அபசகுனம். அவர்கள் வாய் மூடி ஒருவரும் கண்டதில்லை.

ஸ்டேசன் மாஸ்டர் சீவரத்தினம் அறைக்குள்ளே மெசின் பக்கத்தில் இருந்தார். அடுத்த ஸ்டேசனிலிருந்து ரெயில் புறப்பட்டால் அந்த மெசினில் மணி அடிக்கும். மணி கேட்டால் தியாகலிங்கம் புளியடியிலிருந்து "வருது, வருது" என்று கத்துவான். அன்றைக்கு மணி இரண்டரைக்கு அடித்தது.

ரெயில் மிதிபலகை வரைக்கும் சனத்தோடு வந்து நின்றது. வழக்கத்தில் இறங்குகிறவர்கள் சத்தம் போட்டுச் சாமான் வாங்குவார்கள், உறவு கொண்டாடுவார்கள். அன்றைக்கு எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறென்று இறங்கினார்கள். தில்லைநாதன் வானடியில் நின்றபடி தலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது மூன்றாவது பெட்டி யன்னலிலிருந்து ஒரு பெட்டை கை காட்டினாள்.

"அங்கிள்! தட்டிவான் அங்கிள்! கமலான்ரை அப்பாதானே?"

அவர் ஓடினார்.

"நான் அற்புதராணி. குருநகர் கிறகோரியின்ரை மகள். நானும் கமலாவும் ஒரே அறை. நாளைக்கு அந்தோனியார் பெருநாள், அதுக்கு வாறன். இந்தாங்கோ அங்கிள், இதைப் பிடியுங்கோ, கெதியா."

யன்னலால் ஒரு பச்சைச் சூட்கேஸ் பக்கவாட்டில் வெளியே வந்தது. மகளுக்கு அவரே வாங்கிக் கொடுத்த சூட்கேஸ்.

"பிள்ளை எங்கை?"

"அவ வரேல்லை அங்கிள். கோட்டை ஸ்டேசன் மட்டும் என்னோடை வந்தவ. தந்தியைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டவ. நாட்டு நிலை சரியில்லையடி, ஏறு ஏறு எண்டு நான் கையைப் பிடிச்சு இழுத்தனான். ‘அம்மா மனவருத்தப்படுவா, அப்பாவும் எழுதியிருக்கிறார், நான் வியாழக்கிழமை வாறன், பாரத்தை மட்டும் நீ கொண்டு போ’ எண்டிட்டுத் திரும்பிப் போட்டா."

"அறையிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை. மற்ற ரண்டு பேரும் நேற்றே வெளிக்கிட்டிட்டினம். அவ தனிச்சுத்தான்." ரெயில் அசைந்தது. அந்தப் பெட்டை யன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்தினாள். "அங்கிள், வவுனியாவிலை ஆமிக்காரர் எங்களை இறக்கிச் சோதிச்சுத்தான் விட்டவங்கள். அவவை உடனை வரச் சொல்லுங்கோ. இல்லாட்டி வரவே வேண்டாம் எண்டு சொல்லுங்கோ!"

பிறகு அவள் சொன்னது சக்கரச் சத்தத்தில் அடிபட்டுப்போனது. தில்லைநாதன் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு நின்றார். உடனே வா என்பதா, வராதே என்பதா? ஒரு தகப்பன் அந்த இரண்டில் ஒன்றைப் பொறுக்கவேண்டும். கையில் அதற்கு இருந்தது கொஞ்ச நேரம். வானில் சனம் முட்டி வழிந்தது. அவர் முதன்முறையாக ரெயில் வந்த பிறகும் அவர்களைக் காக்கவைத்துவிட்டுத் தபாற் கந்தோருக்கு ஓடினார்.

அங்கே பெரிய வரிசை. எல்லாருடைய கையிலும் கொழும்பு விலாசம். அவருடைய முறை வந்தபோது கண்ணுக்குள் வந்து நின்றது தம்பியின் சாரந்தான். பிள்ளை தனியே ஒரு அறையில் இருக்கிறாள், வாசலில் ஆட்கள் வந்து தட்டுகிறார்கள். அதற்குமேல் அவரால் யோசிக்க முடியவில்லை.

"சூலம் பார்க்கவேண்டாம். உடனே வரவும். அப்பா" என்று எழுதிக் கொடுத்தார்.

"போய்ச் சேருமோ தெரியாது. அடிச்சு விடுறன்" என்றார் தபாற்காரர்.

பராசக்திக்கு அவர் இந்தத் தந்தியைப் பற்றிச் சொல்லவில்லை. சூட்கேசைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளே, தாயின்ரை சொல்லை மீறாது என்ரை பிள்ளை" என்றாள். குந்தியிருந்து திறந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். தகப்பனுக்கு ஒரு சேட்டுத் துணி, தாய்க்குக் கைத்தறிச் சீலை, நாலு சந்தனச் சோப்பு, கலியாணத்துக்கு வாங்கிய செருப்பு. "வியாழன் இந்நேரம் வந்து நிப்பாள்" என்று சொல்லிக்கொண்டு புட்டும் மாம்பழமும் கொண்டுவந்து வைத்தாள். தில்லைநாதன் மாம்பழத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவளோடு கோபிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் தந்தியில் கிடந்தது அவருடைய பெயர்.

புதன்கிழமை ரெயில் ஐந்து மணிக்குப் பிறகுதான் வந்தது. யன்னற் பலகைகள் எல்லாம் இறக்கிக் கிடந்தன. முழு ரெயிலிலும் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். கொடிகாமத்தில் இறங்கியது ஆறு பேர். அவர்களில் கமலாவதி இல்லை. ரெயில் கார்ட் இறங்கி வந்து சீவரத்தினத்தோடு சுவர்க்கரையில் நின்று ஏதோ குசுகுசுத்தார். போகும்போது இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள். நாளைக்கும் பார்க்கப் போகிற மனிதர்கள் கை கொடுக்கமாட்டார்கள். தந்தி கிடைக்கவில்லைப் போலும் என்று தில்லைநாதன் நினைத்தார். அப்படி நினைத்ததில் ஒரு ஆறுதலும் இருந்தது. தந்தி கிடைக்காவிட்டாலும் பிள்ளைக்குக் காது இருக்கிறது. செய்தி கேட்டிருப்பாள், நின்றுவிடுவாள், எங்காவது தெரிந்த வீட்டில் ஒதுங்கியிருப்பாள். அன்றிரவு கொஞ்சம் நித்திரையும் வந்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கே வான் புளியடிக்கு வந்துவிட்டது. பருத்தித்துறைச் சனம் ஏறியிருந்தது. ஒன்றரை ஆனது, இரண்டரை ஆனது. மாம்பழப் பெட்டிகளை ஒருவரும் எடுக்கவில்லை. அடியில் கிடந்தவை நசிந்து சாறு வழிந்து பிளாற்போம் முழுதும் இலையான் மொய்த்தது. தெற்கே, வெகுதூரத்தில், பெரிய கதவொன்றை யாரோ அறைந்து சாத்துவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"இடியோ?" என்றாள் வானிலிருந்த ஒரு கிழவி.

"மேகம் எங்கையணை கிடக்கு?" என்றான் தியாகலிங்கம். பிறகு தில்லைநாதன் பக்கம் திரும்பி, "ஆனையிறவுப் பக்கம், அண்ணை" என்றான் மெதுவாக.

மூன்று மணிவரை மெசினில் மணி அடிக்கவில்லை. சீவரத்தினம் ரெலிபோனைக் காதில் வைத்தபடியே இருந்தார். கடைசியில் எழும்பி வாசலுக்கு வந்து கையால் கூப்பிட்டார்.

"தில்லைநாதன், ரெயில் இண்டைக்கு வராது. வவுனியாவோடை நிப்பாட்டிப் போட்டாங்களாம். சனத்தை அங்கை இறக்கி விட்டிட்டினம்."

"இறங்கின சனம்?"

"கொஞ்சப் பேர் ஒரு லொறியைப் பிடிச்சு இங்காலை வெளிக்கிட்டிருக்கினமாம். அதைச் சொல்லேக்கையே லைன் அறுந்து போச்சு. பிறகு ஒரு மூச்சுமில்லை." சீவரத்தினம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். "நீர் ஏன் யோசிக்கிறீர்? உம்மடை மகள் கொழும்பிலைதானே?"

"ஓம் மாஸ்டர். அவள் வெளிக்கிட்டிருக்கமாட்டாள்."

அந்த வசனத்தை அவர் சொல்லி முடிக்கும்போது றோட்டால் பராசக்தி வந்துகொண்டிருந்தாள். அந்த வெயிலில் குடையில்லை, காலில் செருப்பில்லை. அவள் ஸ்டேசனுக்கு வருகிற ஆளே அல்ல. கையில் ஒரு தாள் இருந்தது. நேரே அவரிடம் வந்து நீட்டினாள்.

"தந்திக்காரன் இப்பதான் தந்திட்டுப் போறான். வாசிச்சுச் சொல்லிப்போட்டும் போட்டான். நீங்களும் ஒருக்கா வாசியுங்கோ."

தந்தி நேற்றுக் கொழும்பில் கொடுத்தது. "வருவதில்லை என்றிருந்தேன். அப்பாவின் தந்தி கிடைத்தது. வியாழன் வருகிறேன். கமலா."

தில்லைநாதன் அதை மூன்று தரம் வாசித்தார். எழுத்து மாறவில்லை.

"என்ன தந்தி அடிச்சனீங்கள்?"

"உடனை வரச் சொல்லி அடிச்சனான். செவ்வாய்க்கிழமை. தனிய இருக்கிறாள் எண்டு அந்தப் பெட்டை சொல்ல, எனக்கு ஒண்டும் ஓடேல்லை."

"நான் சூலம் எண்டு மறிச்சன். நீங்கள் பயத்திலை கூப்பிட்டியள்." பராசக்தி அழவில்லை. "ரண்டு பேருமாச் சேந்து பிள்ளையைக் கொண்டுபோய் நடுவிலை விட்டிருக்கிறம். இப்ப எங்கை நிக்கிறாள்?"

சீவரத்தினம் தான் சொன்னதையே திரும்பச் சொன்னார். வவுனியா, லொறி, அறுந்த லைன். அவள் முழுவதையும் கேட்டாள். கேட்டு முடிந்ததும் நேரே போய் வானின் முன் சீற்றில் ஏறி இருந்தாள்.

"எடுங்கோ."

"எங்கை?"

"லொறி வாற பக்கம். ஆனையிறவோ, பரந்தனோ, கிடைக்கிற இடத்திலை போய் ஏத்துவம்."

தில்லைநாதனுக்கு அப்போது வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஐந்து நாளாக நெஞ்சுக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"இண்டைக்குத் தெற்கை சூலம். வியாழக்கிழமை. கலண்டரைப் பாத்தனீயோ?"

"பாத்தனான். குத்துறதெண்டால் என்னைக் குத்தட்டும். எடுங்கோ."

வானிலிருந்த சனம் முணுமுணுத்துக்கொண்டு இறங்கியது. அன்றைக்கு ஒருவரும் திட்டவில்லை. தியாகலிங்கம் கம்பியைப் போட்டுச் சுற்ற எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது. "நீ நில்லடா" என்றார் தில்லைநாதன். "வழியிலை நிண்டால் ஆர் சுத்துறது?" என்று சொல்லி அவன் பின்தட்டியில் தொற்றிக்கொண்டான்.

மிருசுவில் தாண்டும்வரை றோட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. எழுதுமட்டுவாளில் எதிரே சைக்கிள்கள் வரத் தொடங்கின. சைக்கிளுக்கு ஒரு பிள்ளை முன்னே, ஒரு மூட்டை பின்னே. அதற்கப்பால் மாட்டு வண்டில்கள். பளையில் தென்னந்தோட்டத்து ஓரமெல்லாம் சனம் இருந்தது. ஆனையிறவு ஆமிக் காம்புக்குக் கிட்ட இருந்த ஊர்களிலிருந்து கால்நடையாக வந்த சனம். சத்தம் இப்போது கதவு சாத்துவதுபோல் இல்லை. காலுக்குக் கீழே நிலத்தில் தெரிந்தது.

கரியரில் மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு ஒருவர் வந்தார். தில்லைநாதன் வானைக் குறுக்கே நிறுத்தினார். பேதுரு என்று பேர், பரந்தனுக்கு மீன் விற்கப் போய்த் திரும்புகிறார்.

"லொறி ஒண்டு வந்தது அண்ணை. நான் கண்டனான். வவுனியாவிலையிருந்து ரெயில்ச் சனம் எண்டு சொன்னவை. பரந்தனிலை எல்லாரையும் இறக்கிப்போட்டு அவன் திரும்பிட்டான். கொஞ்சப் பேர் அங்கை கோயிலுக்கை நிண்டுட்டினம். கொஞ்சப் பேர், காம்புக்குள்ளாலை போற றோட்டைப் பூட்டிப்போட்டாங்கள், ஏரி வத்திக் கிடக்குத்தானே, காம்பைச் சுத்தி ஏரிக்குள்ளாலை நடப்பம் எண்டு வெளிக்கிட்டினம்."

பராசக்தி முன் சீற்றிலிருந்து எட்டி அவருடைய சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தாள்.

"அதுக்கை ஒரு பிள்ளை நிண்டதோ தம்பி? நெட்டை. நீட்டுப் பின்னல். மூக்கிலை சிவப்புக் கல்லு மூக்குத்தி."

"பொம்பிளைப் பிள்ளையள் ரண்டு மூண்டு பேர் நிண்டவை அம்மா. நான் மூக்கைப் பாக்கேல்லை. ஷெல்லைப் பாத்து ஓடி வந்தனான்."

"நடந்த ஆக்களோடையோ, நிண்ட ஆக்களோடையோ?"

"தெரியாதம்மா. கையை விடுங்கோ, வீட்டிலை பிள்ளையள்." அவர் போய்விட்டார்.

இதற்குள் பின்னால் தட்டியில் சனம் ஏறத் தொடங்கியிருந்தது. தட்டிவானைக் கண்டால் ஏறுவது அந்தப் பக்கத்துச் சனத்தின் பழக்கம். எங்கே போகிறது என்று கேட்பது ஏறியிருந்த பிறகுதான். "இது அங்காலை போற வான், இறங்குங்கோ, இறங்குங்கோ" என்று தியாகலிங்கம் கத்தினான். ஒருவரும் இறங்கவில்லை. ஒரு கிழவரை இருந்த கதிரையோடு தூக்கி ஏற்றினார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, பிள்ளையைப் பராசக்தியின் மடியில் வைத்துவிட்டு, "பிடிச்சிருங்கோ அம்மா, மற்றதுகளை ஏத்திப்போட்டு வாறன்" என்று பின்பக்கம் ஓடினாள். தோட்டத்துக்கு அப்பால் ஒன்று விழுந்தது. தென்னோலைகள் எல்லாம் ஒருதரம் ஆடி நின்றன. அதோடு வான் நிறைந்துவிட்டது. நாற்பது பேர் இருப்பார்கள். எல்லாரும் ஒரே குரலில் "எடுங்கோ, எடுங்கோ" என்றார்கள்.

தில்லைநாதன் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். முன்னே மகள். பின்னே நாற்பது பேர். வாகனம் ஒன்றுதான். ஓட்டத் தெரிந்தவரும் ஒருவர்தான்.

குழந்தையின் தாய் வந்து பிள்ளையை வாங்கினாள். பராசக்தி சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள். "பிள்ளையோடை நீ இதிலை இரு" என்று அவளைத் தன் இடத்தில் ஏற்றிவிட்டாள்.

"எங்கை இறங்கிறாய்? ஏறு!"

"இதுகளைக் கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ. கொடிகாமம் பத்துக் கட்டைதானே. நான் இந்த றோட்டாலை நடந்துகொண்டிருப்பன். ஏரியாலை ஏறுற சனம் இதாலைதான் வரவேணும். பின்னாலை வந்து எங்களை ஏத்துங்கோ."

"உனக்கென்ன விசரே? கேக்கேல்லையே சத்தம்?"

"கேக்குது. பிள்ளைக்கும் கேக்குந்தானே." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "சண்டை பிடிக்க நேரமில்லை. கெதியாப் போனால் கெதியா வரலாம்."

அவர் இறங்கி அவளை இழுத்து ஏற்றியிருக்கலாம். அதை அவர் பிற்காலம் முழுவதும் நினைத்துக்கொண்டார். பின்னால் பிள்ளைகள் அழுதன. யாரோ கூரைப் பலகையைக் கையால் அடித்தார்கள். தில்லைநாதன் ரிவேர்ஸ் போட்டு வானைத் திருப்பினார். திரும்பி முடியும்போது அவள் ஐம்பது யார் தூரம் நடந்துவிட்டாள். சந்தைக்குப் போகிறவள் நடக்கிற நடைதான்.

பத்துக் கட்டையும் அவருக்கு எப்படிப் போனதென்று தெரியாது. கொடிகாமத்தில் பள்ளிக்கூட வாசலில் சனத்தை இறக்கினார். கதிரைக் கிழவரை இறக்கத்தான் நேரம் எடுத்தது. தியாகலிங்கத்தின் சாரம் கிழிந்திருந்தது. அவன் மறுபடி ஏறிக்கொண்டான். எண்ணெய் பார்க்கவில்லை. தண்ணி ஊற்றவில்லை. வெறும் வான் றோட்டில் தூக்கித் தூக்கி எறிந்தது.

பளைக்கு வந்தபோது மைம்மல் பொழுது, வெளிச்சம் மங்கிவிட்டது. தென்னந்தோட்டத்து ஓரத்தில் சனமில்லை. கடைகள் பூட்டிக் கிடந்தன. யாரோ விட்டுப்போன பனையோலைப் பெட்டி ஒன்றைக் காற்று றோட்டுக்குக் குறுக்கே உருட்டியது. சத்தம் நின்றிருந்தது. அந்த அமைதி சத்தத்தைவிடப் பொல்லாததாக இருந்தது. தில்லைநாதன் வானை ஊரவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ஹோர்னை அடித்து அடித்துப் போனார். பளை தாண்டி ஒரு கட்டை. இரண்டு கட்டை. றோட்டில் ஷெல் விழுந்த பெரிய கிடங்கொன்று புதிதாகக் கிடந்தது. அதைச் சுற்றி மண் இன்னும் சூடாக இருந்தது. வானைப் புல்லுக்குள் இறக்கி ஏற்றினார்.

அதற்கப்பால் ஒரு வயதான மனிதர் பசுவொன்றை இழுத்துக்கொண்டு வந்தார். பசு நடக்க மறுத்தது. அவரும் மாட்டைத் திட்டிக்கொண்டே அழுதார்.

"ஐயா, இதாலை ஒரு பொம்பிளை நடந்து போனதைக் கண்டனீங்களோ? சீலையைச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடை?"

"ஓம் தம்பி, போனவ. எதிரை வாற ஒவ்வொருத்தரையும் மறிச்சு ஒரு பிள்ளையின்ரை பேரைச் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் போனவ. அங்காலை போகாதை மோனை எண்டு நான் சொன்னனான்."

"என்ன சொன்னவ?"

"பின்னாலை என்ரை மனுசன் வான் கொண்டு வாறார், பயமில்லை எண்டவ."

தில்லைநாதன் கதவைப் பிடித்துக்கொண்டார். "அவ போய் எவ்வளவு நேரம் ஐயா?"

பெரியவர் கயிற்றைக் கையில் சுற்றினபடி திரும்பி, வானுக்குப் பின்னால் தெரிந்த கிடங்கைப் பார்த்தார். "அது தம்பி," என்றார், "உந்த ஷெல் விழ முதல்."